பணம் இருந்தது, அரிசி இல்லை

(“கிறிஸ்தவ ஊழியங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் தலைமைக்குப் பெரிய சவால் பணத் தட்டுப்பாடா, பொறுப்பைக் கைமாற்ற மனமில்லாமையா?” என்ற பட்டிமன்றத்தில் ‘மனமில்லாமையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் ஊழியர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “நாற்காலியை இளையவருக்குக் கொடு என்கிறீர்களே, எங்கள் இல்லத்தில் நாற்காலி வாங்கவே காசில்லையே” என்று சொல்லிக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போனார். 2020-இல் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்ததையும், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொன்றுக்குப் பகிர்ந்தளிக்கும் வழி அடைபட்டதையும் எடுத்துச் சொன்னார். அவை உண்மை, அதனால் வேலையிழந்தவர்களின் வீடுகளை நானும் அறிவேன். ஆனால் அந்த நாற்காலிப் பேச்சை மட்டும் என்னால் விட முடியவில்லை. நான் கண்ட ஓர் இல்லத்தில் காசும் இருந்தது, நாற்காலியும் இருந்தது, பிள்ளைகளின் தட்டில்தான் சோறு குறைந்தது.

தென்மாவட்டம் ஒன்றில் 42 பிள்ளைகள் வளர்ந்த சிறிய இல்லம் அது. பெயர் வேண்டாம். கணக்கு எழுதிக் கொடுக்க மாதம் ஒருமுறை நான் அங்கே போவேன். அதை ஓலைக் கொட்டகையில் தொடங்கி 30 ஆண்டுகள் நடத்திய ஐயா, ஒரு ரூபாயைக்கூடத் தமக்கென்று எடுக்காத மனிதர். இரும்பு அலமாரியின் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். காசோலைப் புத்தகம், தீர்மானப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்த அலமாரிக்குள். வங்கியில் அவர் ஒருவர் கையெழுத்துதான் செல்லும். “இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா” என்று இரண்டு முறை சொன்னேன். “கர்த்தர் என்னிடம் ஒப்படைத்ததை நான் யாரிடம் கொடுப்பேன்?” என்றார். மூன்றாம் முறை சொல்லத் துணியாமல் விட்டேன். அந்தக் குற்றம் என்னுடையதும்தான்.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. கணக்கில் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. வங்கி மேலாளர் நல்லவர். “அறங்காவலர்கள் கூடித் தீர்மானம் போட்டுக் கொண்டுவாருங்கள், அன்றைக்கே மாற்றித் தருகிறேன்” என்றார். அறங்காவலர் மூவரில் ஒருவர் ஐயா. இன்னொருவர் இறந்து 6 ஆண்டுகள் ஆகியும் அவர் இடத்தில் யாரையும் சேர்க்கவில்லை. மூன்றாமவர் துபாயில் இருந்தார். விடுப்புக் கிடைத்து வந்துசேர 19 நாட்கள் ஆயின.

எதிரணித் தலைவர் அவர்களே, அந்த 19 நாட்களும் மளிகைக்கடைக்காரர் கடனுக்கு அரிசி போட்டார். முதல் வாரம் மூட்டையாக இறக்கினார். இரண்டாம் வாரம் கிலோக் கணக்கில் நிறுத்தார். மூன்றாம் வாரம், “அக்கா, பழைய பாக்கியைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதே இல்லத்தில் வளர்ந்து, அங்கேயே விடுதிக் காப்பாளராக இருந்த அக்கா, தம் காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தார். இரவுக் கஞ்சியில் பருக்கைகளை எண்ணிவிடலாம். பணம் இருந்தது ஐயா, அரிசி இல்லை! அந்தக் கஞ்சிக்கு எந்தச் சட்டத்தைக் குறை சொல்வது, எந்த நன்கொடையாளரைக் குறை சொல்வது?

நிதி வந்தால் தலைமை தானாக வரும் என்றும் எதிரணியில் சொன்னார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவர் நண்பர்களும் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியரே ஊழியர், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்று வகுத்துக்கொண்டார்கள். 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், பொருளையும் உயிரையும் கொடுத்திருந்த மேலைநாட்டாரைப் பார்த்து அசரியா இன்னும் பணம் கேட்கவில்லை. “எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்” என்று கேட்டார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் தெலுங்கு நாட்டிலிருக்கும் தோர்ணக்கல்லுக்கு அபிஷேகம் பெறுவதை மிஷனரிகளிலேயே சிலர் எதிர்த்தார்கள். பணத்தைக் கொடுத்த கைகளுக்கும் நாற்காலியைக் கொடுப்பது அவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது.

நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் தவறி விழுந்து, 1951-இல் மறையும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். ஆனால் அவர் தொடங்கிய டோனாவூர் ஐக்கியம் நின்றுபோகவில்லை. தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து, தாயை அழைக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்.

எங்கள் ஐயாவும் தாயாகத்தான் இருந்தார். துபாயிலிருந்து அறங்காவலர் வந்திறங்கிய அன்று மாலை, தீர்மானப் புத்தகம் வேண்டியிருந்தது. அதுவரை ஐயாவிடம் சாவியைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அக்கா கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஐயா இடது கையால் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கப் பார்த்தார். அது காதருகே சிக்கிக்கொண்டது. நாங்கள் நெருங்கியதும் வேண்டாம் என்று தலையசைத்தார். நெடுநேரம் போராடிக் கழற்றி, ஐந்து வயதில் தாமே தூக்கிவந்த அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் சாவியை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கயிறு கிடந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி வெளுத்த தடம் ஒன்று இருந்தது. அக்கா அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நன்றி, வணக்கம்.