கரும்புக் காடும் கிரிக்கெட் திடலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலையில் இந்தியர் சங்கத்தின் திடலும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் திடலும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் கிரிக்கெட் திடல்கள். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த ஜோசஃப் பாலஸ்டியர், அமெரிக்கத் தூதராக இங்கே இருந்தவர். 1830களில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கரில் கரும்பு போட்டார். தோட்டம் நொடித்துப்போய், கடைசியில் சிங்கப்பூரை விட்டே கிளம்பினார். ஆக, முதலில் கரும்பு, பிறகு கிரிக்கெட், இரண்டுக்கும் ஒரே மண். இன்று நான் பேச வந்திருக்கும் மனிதர் எழுதியதில் பெரும்பகுதியை இந்த இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடலாம். சிரில் லயனல் ராபர்ட் ஜேம்ஸ், சுருக்கமாக சி. எல். ஆர். ஜேம்ஸ்.

1901 ஜனவரி 4ஆம் தேதி கரீபியன் தீவான டிரினிடாட்டில் பிறந்தார். சொந்த ஊர் துனாபுனா, தந்தை பள்ளி ஆசிரியர். குயின்ஸ் ராயல் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்து, பிறகு அங்கேயே பாடம் நடத்தினார். 1932இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்; நாவல் எழுதுவதுதான் அப்போதைய நோக்கம். லண்டனில் சில வாரங்கள் இருந்தபின், லங்காஷயரில் நெல்சன் என்ற நெசவாலை ஊரில் பல மாதங்கள் கழிந்தன. கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் அங்கே சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில்தான் தங்கல். ஆலைத் தொழிலாளர்களோடு பழகியதும், ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கி எழுதிய அந்தப் புரட்சியின் வரலாற்றைப் படித்ததும் அந்த ஊரில்தான். நாவலாசிரியராக வந்தவர் மார்க்சியவாதியாக லண்டனுக்குப் போனார். அங்கே சோற்றுக்கு வழி, மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்குக் கிரிக்கெட் செய்தி எழுதுவது.

அவருடைய பெரிய நூல் ‘கறுப்பு ஜாக்கோபின்கள்’, 1938இல் வெளிவந்தது. ஜாக்கோபின்கள் என்றால் பிரெஞ்சுப் புரட்சியின் தீவிரவாதக் குழுவினர். பாரிஸ் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து சேர்த்த தகவல்கள் அதன் அடித்தளம். அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்து உதவியவர் நெல்சன் ஊர் நண்பர் ஹாரி ஸ்பென்சர். நூலை அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் ஜேம்ஸ் காணிக்கையாக்கினார். அதற்கு முன்பே இதே கதையை நாடகமாக எழுதியிருந்தார். 1936 மார்ச்சில் லண்டனில் இரண்டே காட்சிகள். நாயகன் பால் ராப்சன். அதன் கையெழுத்துப் படி வெகுகாலம் காணாமல் போய், 2005இல் ஹல் பல்கலைக்கழகக் காப்பகத்தில் அகப்பட்டது.

நூல் சொல்வது சான் டொமிங்கோவின் கதை, அதாவது இன்றைய ஹைட்டி. 1789இல் பிரான்சின் கையிலிருந்த அந்தப் பகுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகள். வெள்ளையர் சுமார் 30,000 பேர். கலப்பினத்தாரும் சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தாரும் கிட்டத்தட்ட அதே அளவு. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் அடிமைகள் எழுந்தார்கள். 1804 ஜனவரி 1ஆம் தேதி ஹைட்டி விடுதலை அறிவித்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என மூன்று வல்லரசுகளின் படைகள் தோற்றன. 1801 டிசம்பரில் நெப்போலியன் தன் மைத்துனர் லெக்ளேர் தலைமையில் முதல் தவணையாக அனுப்பிய படையே ஏறத்தாழ 20,000 பேர். 1802 நவம்பரில் லெக்ளேர் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

அடிமைகள் எப்படி ஜெயித்தார்கள்? கொடுமை தாங்காமல் வெடித்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஜேம்ஸ் ஒரு படி மேலே போகிறார். கரும்பை வெட்டியபின் காத்திருக்க முடியாது. ஓரிரு நாளுக்குள் ஆலையில் கொடுத்துப் பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். பிழிந்த சாற்றை உடனே கொப்பரையில் ஏற்றிக் காய்ச்ச வேண்டும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலையும் அடுப்பும் இரவு பகலாக ஓடும். வெட்டுபவர், சுமப்பவர், ஆலையில் கொடுப்பவர், கொதி பார்ப்பவர் என்று நூற்றுக்கணக்கானோர் ஒரே தாளத்தில் இயங்கியாக வேண்டும். ஆகவே வடக்குச் சமவெளியின் அடிமைகள், அன்றைய உலகின் வேறெந்த உழைப்பாளர் கூட்டத்தையும்விட, இன்று நாம் ஆலைத் தொழிலாளர் என்று சொல்பவர்களுக்கு நெருக்கமாக இருந்தார்கள் என்பது அவர் கணிப்பு. முதலாளி லாபத்துக்காகச் சேர்த்த கூட்டமே, கலகத்துக்கு வேண்டிய ஒழுங்கையும் கற்றுக்கொண்டது. முதல் தலைவர்களில் ஒருவரான பூக்மான் தோட்டத்தில் ஏறக்குறைய கங்காணி பொறுப்பில் இருந்தவர்.

பிரட்டு (ஆள் எண்ணும் வரிசை), கிராணி (தோட்டக் கணக்கர்), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்ற தோட்டச் சொற்களைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் விளக்கம் இல்லாமலே புரியும். விடியுமுன் மணியடித்து ஆள் எண்ணுவது வேலை வாங்கத்தான். ஆனால் ஆள் எண்ணும் வரிசையில்தான் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

தலைவர் தூசான் லூவெர்த்யூர், பிரேடா தோட்டத்தில் கால்நடைகளைக் கவனித்தவர், வண்டி ஓட்டியவர். கலகம் தொடங்கும்போது வயது நாற்பதுக்கு மேல். உடனே சேரவில்லை, ஏறத்தாழ ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். இங்கே ஓர் எச்சரிக்கை. ஜேம்ஸ் தூசானை 1791 வரை அடிமையாகவே காட்டுகிறார். 1977இல் வெளியான ஆவண ஆய்வு, தூசான் 1776க்குள்ளேயே விடுதலை பெற்றவர் என்றும், தானே அடிமை வைத்திருந்தார் என்றும் காட்டியது. அந்தத் தாள்கள் ஜேம்ஸ் கைக்குக் கிடைக்காதவை. நூலின் மையவாதம் இதனால் உடைவதில்லை, ஏனென்றால் அது சமவெளியின் கூட்டத்தைப் பற்றியது. ஆனால் தூசானின் இளமை பற்றிய பக்கங்களை அப்படியே மேற்கோள் காட்டினால் தவறு செய்வீர்கள்.

நூலின் உச்சம் என்று நான் நினைப்பது போர்க்களம் எதுவும் இல்லை, 1801. ஆட்சிக்கு வந்த தூசான், ஏற்றுமதி நின்றால் நாடு நிற்காது என்று கருதி, விடுதலை பெற்றவர்களைத் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டுப்படுத்தினார். கூலி, விளைச்சலில் கால் பங்கு. சவுக்குக்குத் தடை போட்டார், ஆனால் பழைய வெள்ளை முதலாளிகளைத் திரும்ப அழைத்தார். உழைப்பாளர்களிடம் ஏன் என்று எடுத்துச் சொல்லவில்லை. வடக்கில் அவர்கள் எழுந்தார்கள்; எழுந்தவர்கள் அழைத்தது, தூசான் உடன்பிறந்தார் மகனாகக் கருதிய மோயீஸின் பெயரை. தூசான் மோயீஸைச் சுட்டுக்கொல்ல வைத்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தபோது, யார் பக்கம் நிற்பது என்று மக்களுக்கே குழப்பம். ஜேம்ஸ் இதைப் பிழை என்று மட்டும் சொல்லி விடவில்லை, குற்றம் என்கிறார். நாயகனை இவ்வளவு நேசித்த ஓர் ஆசிரியர் அவன் மேல் இப்படி எழுதுவது அபூர்வம். 1802 ஜூனில் தூசான் வஞ்சகமாகப் பிடிபட்டார்; 1803 ஏப்ரல் 7ஆம் தேதி பிரான்சின் மலைக் கோட்டை ஒன்றில் குளிரில் இறந்தார். போரை முடித்தவர் அவருடைய தளபதி தெசலின்.

1938 முதல் ஜேம்ஸ் அமெரிக்காவில். 1939இல் மெக்சிகோ போய் டிராட்ஸ்கியிடம் கறுப்பினத்தார் பிரச்சினை பற்றி நேருக்கு நேர் வாதித்தார். பின்னாளில் டிராட்ஸ்கியவாதிகளிடமிருந்தே பிரிந்தார். 1952இல் குடிநுழைவுத் துறை அவரை எல்லிஸ் தீவில் அடைத்தது. அங்கே அவர் எழுதியது அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் பற்றிய நூல். திமிங்கிலம் வேட்டையாடும் கப்பலை ஒரு தொழிற்சாலையாகவும், மாலுமிகளைப் பல நாட்டுத் தொழிலாளர்களாகவும் அதில் படித்துக் காட்டினார். கரும்பாலையைப் பார்த்த அதே கண். சிறையில் எழுதுவது நம் ஊருக்கும் புதிதில்லை. 1956 முதல் 1959 வரை தடுத்து வைக்கப்பட்டிருந்த தொழிற்சங்கவாதி ஜேம்ஸ் புதுச்சேரி, மலாயாப் பொருளாதாரத்தில் எது யார் கையில் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் நூலைச் சாங்கிச் சிறையில் எழுதினார். 1960இல் அது வெளிவந்தது. இரண்டு ஜேம்ஸும் சொத்துக்கு உரிமையாளர் யார் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

1958இல் டிரினிடாட் திரும்பியவர், ஆளும் கட்சியின் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அந்தப் பத்திரிகையில் ஓயாமல் எழுதிய ஒரு கோரிக்கை: ஃபிராங்க் வொரெல் மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவராக வேண்டும். அதுவரை ஒரு முழுத் தொடருக்கு எந்தக் கறுப்பினத்தாரும் தலைவராக நியமிக்கப்பட்டதில்லை. 1960–61 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் தலைவரானார். ஜேம்ஸோ பிரதமர் எரிக் வில்லியம்ஸோடு முறித்துக்கொண்டு வெளியேறினார். 1966 தேர்தலில் புதுக் கட்சியோடு நின்று துனாபுனாவிலேயே தோற்றார். கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. தேர்தல் வேலை அவருக்குக் கைவந்ததே இல்லை.

1963இல் வந்த கிரிக்கெட் நூலின் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். அவர் இளமையில் டிரினிடாட்டில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு நிறம். குயின்ஸ் பார்க், வசதியுள்ள வெள்ளையருக்கு. மேப்பிள், நிறம் வெளுத்த நடுத்தர வர்க்கத்துக்கு. ஷானன், ஆசிரியர், குமாஸ்தா போன்ற கறுப்பினத்தாருக்கு. ஸ்டிங்கோ, அடிமட்டத்துக்கு. ஜேம்ஸ் தன் நிறத்துக்குரிய ஷானனை விட்டு மேப்பிளில் சேர்ந்தார். அதனால் தன் அரசியல் பல ஆண்டு பின்தங்கியது என்று அவரே எழுதுகிறார். சிங்கப்பூரில் பாடாங் திடலின் ஒரு முனையில் 1852இல் ஐரோப்பியர் தொடங்கிய கிளப், எதிர் முனையில் 1883இல் யுரேஷியர் தொடங்கிய கிளப், இந்தியரும் சிலோன்காரரும் பாலஸ்டியரில். நமக்கு இது பழக்கமான வரைபடம்தான்.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி. கடைகளில் இன்று கிடைக்கும் ‘கறுப்பு ஜாக்கோபின்கள்’ பெரும்பாலும் 1963 திருத்தப் பதிப்பை ஒட்டியது. கியூபாவின் காஸ்ட்ரோவரை நீளும் பின்னிணைப்பு 1938இல் கிடையாது. மொத்தம் 13 அத்தியாயங்கள். பலர் இரண்டிலும் மூன்றிலும் சிக்கிக்கொள்வார்கள், ஏனென்றால் பெரிய வெள்ளையர் (பணக்காரர்), சின்ன வெள்ளையர் (வசதியற்றவர்), கலப்பினத்தார், அரசு அதிகாரிகள் என்று ஆளுக்கொரு கோரிக்கை. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, 1789இல் யார் எதை விரும்பினார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். இன்னொரு தாளில் பாரிஸ் தேதிகள் ஒரு பக்கம், தீவின் தேதிகள் எதிர்ப்பக்கம். செய்தி கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதை மறந்தால் பாதி முடிவுகள் முட்டாள்தனமாகத் தோன்றும். நான்காவது, ஐந்தாவது தலைப்புகளைச் சேர்த்துப் படியுங்கள்: தீவின் மக்கள் தொடங்குகிறார்கள், பாரிஸ் மக்கள் முடிக்கிறார்கள் என்று ஒரே வாக்கியமாக வரும். 13ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் தூசானின் வீழ்ச்சியை அவலநாடகமாகப் பேசும் பத்திகள் 1963இல் சேர்த்தவை. முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போய்விட்டு, கடைசிப் பக்கத்தை முடித்த பிறகு திரும்பி வந்து படியுங்கள்.

நன்றி, வணக்கம்.