பிடாவும் கொன்ட்ராபிடாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் சினிமாவில் கதாநாயகனை 'பிடா' என்பார்கள். வில்லன் 'கொன்ட்ராபிடா'. இந்த 'பிடா' ஸ்பானிய மொழியின் 'விடா', அதாவது வாழ்க்கை. அது அந்த நாட்டின் முக்கிய மொழியான தகலோக்குக்கு வந்து ஹீரோ ஆகிவிட்டது. எதிர்ப்பைக் குறிக்கும் 'கொன்ட்ரா'வை முன்னால் ஒட்டினார்கள், வில்லனும் கிடைத்தான். இன்று நான் பேசப்போவது இப்படிப்பட்ட சொற்களைப் பற்றித்தான்.

1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபுத் தீவில் வந்திறங்கியதிலிருந்து 1898 வரை அந்த நாட்டை ஸ்பெயின் ஆண்டது. முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகள். மெக்சிகோவிலும் பெருவிலும் ஆண்டவர் மொழி வீட்டு மொழியாகவே ஆனது. இங்கே ஆகவில்லை. வந்து குடியேறிய ஸ்பானியர் மிகக் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் மணிலாவை விட்டு நகரவில்லை. ஊர் ஊராகப் போன பாதிரிமார்களோ மக்களுக்கு ஸ்பானியம் கற்றுத்தரவில்லை. தாங்களே தகலோக்கும் செபுவானோவும் இலோகானோவும் கற்றுக்கொண்டு பிரசங்கம் செய்தார்கள். எல்லோருக்கும் ஸ்பானியவழித் தொடக்கப்பள்ளி என்ற ஆணை வந்ததே 1863இல்தான். ஆக, மொழி வெளியே நின்றது. சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே நுழைந்தன.

கடவுளுக்கு மட்டும் பாதிரிமார் உள்ளூர்ச் சொல்லை நம்பவில்லை. 1593இல் மணிலாவில் அச்சான ஞானோபதேச நூலில், தகலோக்கில் எழுதிய பகுதியிலும் கடவுளுக்கு 'தியோஸ்' என்ற ஸ்பானியச் சொல்தான் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் ஞானோபதேசத்துக்கு 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துணிச்சல் மணிலாவில் இல்லை. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையிலிருந்து தட்டு விழுந்தால் இன்றைக்கும் 'சூஸ்மாரியோசெப்!' என்று ஒரே மூச்சில் கத்துகிறார்கள். நம்மூர்க் கத்தோலிக்கர்களின் 'சேசு மரி சூசை'தான் அது, மூன்று பெயரும் சேர்ந்து நசுங்கிப் போயிருக்கிறது.

சந்தைப் பக்கம் போவோம். வெங்காயம் 'சிபூயாஸ்', காலணி 'சபாத்தோஸ்'. இரண்டும் ஸ்பானியத்தில் பன்மை. தகலோக்கில் ஒரே ஒரு வெங்காயமும் சிபூயாஸ்தான். பலவற்றைச் சொல்ல, அந்தப் பன்மைக்கு முன்னால் தங்கள் பன்மைச் சொல்லான 'மஙா'வையும் வைத்துக்கொள்வார்கள். (யாழ்ப்பாணத்துச் சப்பாத்து இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம், அது போர்த்துக்கேயர் வழியாக வந்தது.) வேலை 'த்ரபாஹோ'. வேலை செய்துகொண்டிருக்கிறான் என்பதற்கு முன்னொட்டு சேர்த்து, முதல் அசையை இரட்டித்து 'நாக்தாத்ரபாஹோ' என்பார்கள். சொல் ஸ்பெயினுடையது, அதைப் பிசைந்த கை தகலோக்குடையது.

பொருள் மாறிய கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பானியத்தில் 'செகூரோ' என்றால் நிச்சயம். தகலோக்கில் 'சிகூரோ' என்றால் 'இருக்கலாம்'. பிளம்பர் நாளைக்கு வருவாரா என்று கேட்டு 'சிகூரோ' என்ற பதிலைக் கேட்டால், மாட்ரிட்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மணிலாக்காரர் வேறு பிளம்பரைத் தேடுவார். படகு நிறைய ஏறிய ஆட்களைக் குறித்த 'பார்க்காடா' இப்போது நண்பர் கூட்டம். ஞானஸ்நானத்தால் சம்பந்தியான 'கொம்பாத்ரே' தேய்ந்து 'பாரே' ஆகி, தெருமுனையில் நம் 'மச்சி' செய்கிற வேலையைச் செய்கிறது.

இதெல்லாம் ஸ்பெயினிலிருந்து நேராகக் கப்பலேறி வந்ததாக நினைக்க வேண்டாம். 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே வணிகக் கப்பல்கள் போய்வந்தன. 1821 வரை ஆட்சியும் மெக்சிகோ வழியாகத்தான் நடந்தது. அதனால் சர்க்கரைவள்ளிக் கிழங்கான 'கமோத்தே', நம் சௌசௌவான 'சயோத்தே', மலிவுச் சந்தையான 'தியாங்கே' எல்லாம் மெக்சிகோவின் பூர்வகுடிகளான அஸ்டெக் மக்களின் நாவாட்ல் மொழிச் சொற்கள். போகும்போது கப்பல் சும்மா போகவில்லை. மாங்காய் என்ற நம் சொல் மலாய் வழியே தகலோக்கில் 'மங்கா' ஆகியிருந்தது. அந்த மாம்பழம் கடல் கடந்தது. மெக்சிகோவில் ஒரு ரகத்துக்கு இன்றும் 'மணிலா மாம்பழம்' என்றே பெயர்.

இத்தனைக்கும் விதிவிலக்காக ஓர் ஊர் உண்டு. தெற்கே மின்டனாவோ தீவில், சம்போவாங்கா. 1635இல் ஸ்பானியர் அங்கே கோட்டை கட்டினார்கள். பல தீவுகளிலிருந்து வந்தவர்கள் அதைச் சுற்றிக் குடியேற, சவகானோ என்ற புதுமொழி பிறந்தது. சொற்களில் பெரும்பகுதி ஸ்பானியம். ஆனால் வாக்கியத்தில் வினை முன்னால் வரும், பிலிப்பைன்ஸ் மொழிகளைப் போல. 'நான்' என்பதற்கு ஸ்பானியத்தின் 'யோ'வை எடுத்துக்கொண்டவர்கள், 'நாங்கள்' என்பதற்கு 'கமே', 'நாம்' என்பதற்கு 'கித்தா' என்று உள்ளூர்ச் சொற்களையே வைத்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தில் இரண்டுக்கும் 'நோசோத்ரோஸ்' என்ற ஒரே சொல்தான். அது அவர்களுக்குப் போதவில்லை.