சுவரை எழுப்பிய கை

(பட்டிமன்றத் தலைப்பு: ஒரு சிறிய ஊர் முதலில் காக்க வேண்டியது பழமையான கட்டடங்களையா, இயற்கையையா, உள்ளூர்க் கலைகளையா? இது மூன்றாம் அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் இரண்டு அணி நண்பர்களே, இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் பேசிய அண்ணன் ஒரு பழமொழியோடு தொடங்கினார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். ஆகவே கட்டடத்தை முதலில் காப்பாற்றுங்கள், கலை தானாக வந்து சேரும் என்றார். அடுத்துப் பேசிய அக்கா, மண்ணும் மரமும் தண்ணீரும் இல்லாமல் சுவர் ஏது, சித்திரம் ஏது, இயற்கைதான் எல்லாவற்றுக்கும் தாய் என்றார். இரண்டு பேருமே மனத்திலிருந்துதான் பேசினார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தச் சுவரை எழுப்பியது யார்? எழுப்பிய கை இன்னும் இருக்கிறதா?

நடுவர் அவர்களே, எது முதலில் பிறந்தது என்று இன்றைய தலைப்பு கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நானே எழுந்துபோய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எதை முதலில் காக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. சிறிய ஊரிடம் பணம் கொஞ்சம், ஆள் கொஞ்சம், நேரமும் கொஞ்சம். எது சீக்கிரம் போய்விடுமோ, எது போனால் மற்ற இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமோ, அதைத்தானே முதலில் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்?

அண்ணனின் கட்டடத்திலிருந்தே வருகிறேன். ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், ஜென்னே என்று ஒரு சிறிய ஊர். பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது. 1988-இல் அந்தப் பழைய ஊரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் நடுவில் ஒரு பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. இப்போது இருப்பது 1907-இல் கட்டி முடித்தது. அத்தனை பெரிய கட்டடமும் வெயிலில் காய்ந்த பச்சை மண்கல்லும் மண்பூச்சும்தான். மண் என்றால் மழையில் கரையும், வெயிலில் வெடிக்கும். பிறகு எப்படி நூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது?

ஆண்டுதோறும் ஊரே திரண்டு அதற்கு மண் பூசுகிறது. ஆற்றுச் சமவெளியிலிருந்து சேற்றை அள்ளி வந்து, உமி கலந்து, குழியில் நாள்கணக்காக ஊறப்போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். சிறுவர்கள் உள்ளே இறங்கிக் குதித்துக் குதித்தே அதை மிதித்துக் குழைத்துவிடுகிறார்கள். பூச்சு நாள் வந்ததும் இளைஞர்கள் கூடை கூடையாகச் சேற்றைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். சுவர் முழுக்கப் பனங்கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரம். பூச்சு நாளில் அவைதான் சாரம். அதன்மேல் ஏறி நின்று கொத்தனார்கள் கையாலேயே மண்ணை அப்பித் தேய்க்கிறார்கள். அடுத்த ஆண்டும் ஏறி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் சுவரைக் கட்டும்போதே அந்தக் கட்டைகளைச் செருகியிருக்க முடியும்.

அண்ணன் சொல்கிறபடி இந்தக் கட்டடத்தைச் சுற்றி வேலி போட்டு, வாசலில் காவலுக்கு ஆள் வைத்து, பலகையும் நட்டுவிடலாம். பூசத் தெரிந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டால் எத்தனை மழைக்கு அது தாங்கும்?

மண் கட்டடம் என்பதால் அப்படி, செங்கல்லும் சுண்ணாம்பும் என்றால் கதை வேறு என்று நினைக்க வேண்டாம். நான் ஒரு பழைய வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய தடித்த சுவர். அடிப்பகுதியில் காரை உதிரத் தொடங்கியதும், வீட்டுக்காரர்கள் நல்ல எண்ணத்தோடு, காசும் செலவழித்து, இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். சில வருடம் கழித்து நான் பார்த்தபோது அந்தச் சிமென்ட் கல் மாதிரி அப்படியே இருந்தது. தட்டினால் மட்டும் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். ஒரு மூலையில் பெயர்ந்திருந்த இடத்தில் விரலை விட்டேன். உள்ளே இருந்த செங்கல் மாவாகக் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. விரலை எடுத்த பிறகும் நிற்கவில்லை.

காரணம் எளிது. தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்குகிறது, அதில் கரைந்த உப்பு செங்கல்லின் உள்ளே படிகமாகி அதை உடைக்கிறது. அந்த வீட்டில் அக்கறைக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, அரைத்து, பதம் பார்த்துப் பூசத் தெரிந்த ஒரு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கலை போன ஊரில், கட்டடத்தைக் காப்பாற்றப் போனவர்களே அதைத் தின்னக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பதம் ஊருக்கு ஊர் மாறும். சீனத்தில் பழைய நகர மதில்களின் சாந்தில் ஒட்டரிசிக் கூழ் கலந்தார்கள். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்தார்கள். எவ்வளவு சேர்ப்பது, எத்தனை நாள் ஊறுவது, கரணையில் எடுத்தால் எப்படி வழுக்கி விழ வேண்டும், இதெல்லாம் விரலில் இருக்கிற அறிவு.

இங்கே ஒரு கேள்வி வரும். எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதாதா என்று. சரி, படம் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீச்சலைப் படம் பார்த்துக் கற்றவர் யாராவது இந்த அவையில் இருக்கிறார்களா? புளித்த சேற்றின் வாசனையும் காரையின் வழுக்கலும் காணொளியில் ஏறாது. பக்கத்தில் ஒருவர் நின்று, 'இன்னும் கொஞ்சம் தண்ணி, போதும், நிறுத்து' என்று சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

பெரு நாட்டு மலைகளில், அபுரிமாக் ஆற்றின் மேலே, கெஸ்வாச்சாகா என்று ஒரு தொங்குபாலம் இருக்கிறது. ஏறத்தாழ 28 மீட்டர் நீளம், அத்தனையும் புல். பெண்கள் மெல்லிய கயிறாகத் திரிக்கிறார்கள், ஆண்கள் அதைச் சேர்த்துத் தடித்த வடமாகப் பின்னுகிறார்கள். நான்கு சிற்றூர்க்காரர்கள் கூடி, ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில் பழைய பாலத்தை இறக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். 2020-இல் கொரோனாவால் அது நடக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. அப்புறம்? அதே ஆண்டு ஜூனில் அதே மக்கள் மறுபடியும் பின்னிக் கட்டிவிட்டார்கள். கட்டுமானம் போன மூன்றாம் மாதத்தில் கலை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. தலைகீழாக நடந்திருந்தால், பாலம் இருந்து பின்னத் தெரிந்தவர்கள் போயிருந்தால், அந்தப் பாலத்துக்கு இரண்டு ஆண்டுகூட ஆயுள் இருந்திருக்காது.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி எரிந்ததை உலகமே பார்த்தது. அதன் கூரைச் சட்டத்தைப் பழையபடி ஓக் மரத்தில், கோடரியால் செதுக்கிய உத்தரங்களைக் கொண்டே செய்தார்கள். இந்தக் காலத்தில் கோடரியால் உத்தரம் செதுக்க ஆள் எங்கே கிடைத்தது? அதே பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் திரென்யி என்ற கிராமத்தின் காட்டுக்குள், கெதலோன் என்ற இடத்தில், 1997-இலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய முறைப்படியே ஒரு கோட்டையைக் கட்டி வருகிறார்கள். நோத்ர தாமில் உழைத்த தச்சர்களில் சிலர் அங்கே வேலை செய்து பழகியவர்கள். தேவாலயம் 2024 டிசம்பரில் திறந்தது. ஒரு பெருநகரத்தின் எண்ணூறு வருடக் கட்டடத்துக்கு ஒரு கிராமத்துக் காட்டிலிருந்து கை கொடுத்திருக்கிறார்கள் அண்ணே!

இப்போது அக்காவிடம் வருகிறேன். அக்கா பேசும்போது ஒரு வரி சொன்னார், மனிதன் கையை எடுத்தாலே போதும், இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று. கை படவே கூடாத காடுகள் உலகில் உண்டு. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சிறிய ஊரைச் சுற்றி இருப்பது குளமும் தோப்பும் மேய்ச்சல் வெளியும். மனிதரோடு நூற்றாண்டுக் கணக்கில் பழகிய இயற்கை அது.

இங்கிலாந்தில் ஒரு பட்டாம்பூச்சி. ஹீத் ஃபிரிட்டில்லரி என்று பெயர். ஆரஞ்சும் பழுப்புமாகச் சிறகு, உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. அதற்கு இன்னொரு பெயர் உண்டு, மரவெட்டியின் பின்னால் வருபவன். அங்கே காட்டு ஓரத்துக் கைவினைஞர்கள் மரத்தை வேரோடு எடுக்க மாட்டார்கள். தரையை ஒட்டி வெட்டுவார்கள், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், சில வருடம் கழித்துத் திரும்ப வந்து வெட்டுவார்கள். அந்தக் கழிகள்தான் வேலிப் படலாகும், கருவிகளுக்குக் கைப்பிடியாகும், மிச்சம் கரியாகும். வெட்டிய இடத்தில் வெயில் தரையைத் தொடும். வெயில் பட்டதும் ஒரு சிறு செடி முளைக்கும். அந்தச் செடியைத் தின்றுதான் இந்தப் பட்டாம்பூச்சியின் புழு வளரும். மரவெட்டி அடுத்த பகுதிக்குப் போனால் பட்டாம்பூச்சியும் பின்னாலேயே போகும்.

இருபதாம் நூற்றாண்டில் படல் முடைகிறவர்களுக்கும் கரி சுடுகிறவர்களுக்கும் வேலை இல்லாமல் போனது. காட்டை யாரும் தொடவில்லை. அக்கா கேட்ட மாதிரியே கையை எடுத்துவிட்டார்கள். மரங்கள் ஓங்கி அடர்ந்தன, தரை இருண்டது, செடி போனது, பட்டாம்பூச்சியும் நாட்டின் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போனது. கடைசியில் அதைக் காப்பாற்ற வந்த இயற்கை ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கென்ட் பகுதியின் பிளீன் காடுகளில் பழைய முறைப்படி மறுபடியும் வெட்டச் சொன்னார்கள். இன்றைக்கு அங்கே அது பறக்கிறது. அக்கா, அந்தச் சிறகுக்கு உயிர் கொடுத்தது ஒரு வெட்டுக்கத்தியும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும்.

கலை என்றதும் கைத்தொழிலை மட்டுமே பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கூத்தும் பாட்டும் பேச்சும் இதில் அடக்கம். ஸ்பெயின் நாட்டின் கேனரித் தீவுகளில் லா கொமேரா என்ற சிறு தீவு. ஆழமான பள்ளத்தாக்குகள். ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் இருப்பவரோடு பேச, அந்த மக்கள் சீழ்க்கையையே மொழியாக்கி வைத்திருந்தார்கள். சாலையும் தொலைபேசியும் வந்தன. பள்ளத்தாக்கு ஒரு அடிகூட நகரவில்லை, வீடுகள் அப்படியே இருந்தன, சீழ்க்கை மட்டும் கிழவர்களின் வாயோடு போகப் பார்த்தது. 1999-இல் அதைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தார்கள். 2009-இல் யுனெஸ்கோவும் அங்கீகரித்தது. எனக்கு 1999-தான் பெரிதாகத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், அதனால் பிழைத்தது. இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப்போட்டிருந்தால் சொல்லிக் கொடுக்க யார் இருந்திருப்பார்கள்?

நடுவர் அவர்களே, என் வாதமே இங்கேதான் இருக்கிறது. இடிந்த கட்டடத்தின் அடித்தளம் மிஞ்சும், படம் மிஞ்சும். வெட்டிய தோப்பில் விதை மிஞ்சும், வேர் மிஞ்சும். கலை ஒரு மனிதரின் உடம்பில் இருக்கிறது. அவர் ஒரு ராத்திரி கண்ணை மூடினால் மறுநாள் காலையில் இல்லை. ஊரில் எதுவும் மாறியிருக்காது, யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

உலகத்துக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. கட்டடங்களையும் இயற்கையையும் காக்க யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை 1972-இல் வந்துவிட்டது. வாழும் கலைகளுக்கான உடன்படிக்கை 2003-இல்தான் வந்தது. நடுவில் 31 வருடம். அந்த இடைவெளியில் எத்தனை பேர் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் கண்ணை மூடினார்களோ.

மணி அடித்துவிட்டீர்கள், இன்னும் ஒரே ஒரு ஊர். ஜப்பானில் இசே என்ற ஊரில் ஒரு கோயில். தொடக்கம் 690-ஆம் ஆண்டு என்கிறார்கள். இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில், அதே முறையில் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். போர்க்காலங்களில் இடைவெளி விழுந்தது, ஆனாலும் விட்டுவிடவில்லை. அந்தக் கட்டுமானத்துக்கு மரம் வேண்டும் என்பதற்காகவே கோயில் தன் காட்டை வளர்த்துக்கொண்டிருக்கிறது, இன்று நடும் கன்று பேரன்களின் காலத்தையும் தாண்டித்தான் உத்தரமாகும் என்று தெரிந்தே. அண்ணன் கேட்கும் கட்டடமும் அங்கே இருக்கிறது, அக்கா கேட்கும் காடும் இருக்கிறது. இரண்டையும் தாங்கிக்கொண்டிருப்பது இருபது வருடத்துக்கு ஒருமுறை கை மாறும் அந்தத் தச்சு வேலை.

கடைசியாகக் கட்டியது 2013-இல், 62-ஆவது முறை. அடுத்தது 2033. 2013-இல் இருபது வயதில், பெரியவர் பக்கத்தில் நின்று உளி பிடித்துப் பழகிய பையனுக்கு 2033-இல் நாற்பது வயது. அவன் பக்கத்தில் நிற்கப்போகிற பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்.

நன்றி, வணக்கம்.