நெஞ்சின் இறுக்கமும் இரவுத் தறியும்

(நகரியில் வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மண்டல வருவாய் அதிகாரி எம்.ஆர்.ஓ. அம்மா அவர்களே, நகராட்சியின் முன்னாள் தலைவர் அவர்களே! பெயர் சொல்ல மறந்தால் கோபித்துக்கொள்ளாத ஒரே அரசியல்வாதி இவர்தான். அந்தத் தைரியத்தில் பெயர் சொல்லாமலே விடுகிறேன். முருகன் கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, எனக்குத் தலைப்புக் கொடுத்துத் தப்பித்துக்கொண்ட யோகா டீச்சரம்மா அவர்களே, தறிக்கு நூல் தார் சுற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விசைத்தறி உரிமையாளர் சங்கத்து அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். மூன்று பேரும் வாசலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எதில் போய் முடிப்பேன் என்று தெரிந்துதான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். போகாதீர்கள், சுண்டல் கடைசியில்தான்.

பொன்னாடை போர்த்தினீர்கள். நம் ஊர்த் தறியில் ஓடியதா, வெளியூர்ச் சரக்கா என்று ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நம்முடையதுதான். நன்றி. அடுத்த முறை துணிக்குப் பதில் வேறொன்று கேட்பேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அழைப்பிதழில் நான்கு பொருள் அச்சடித்திருக்கிறார்கள்: அநாகதம் என்றால் எது, அதற்கான பயிற்சி, நெஞ்சுக்கு ஏற்ற உணவு, இல்லறத்தில் மன்னிப்பு. நான்கையும் தொடுவேன்.

எங்கள் பாட்டி ஒரு பழமொழி சொல்லுவாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். மாடு வைத்திருந்தவர்களுக்குப் புரியும். மடி கனத்துப் போய் நிற்கும், அதட்டினால் ஒரு சொட்டு இறங்காது. நெஞ்சில் கட்டிக்கொண்ட துக்கமும் கோபமும் அந்த மாதிரிதான். “அழாதே”, “மறந்துவிடு”, “ஆம்பிளையா இரு” என்று அதட்டி யாருக்கும் இறங்கினதில்லை. இது பாடிக் கறக்கிற மாடு.

பாட்டுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலி என்று யார் சொன்னாலும் முதல் வைத்தியம் யோகா அல்ல. வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்குச் சில சமயம் வலியே தெரியாது. களைப்பு, குமட்டல், மேல்வயிற்றில் ஒரு சங்கடம் என்று வரும். அதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். இன்னொன்று. பெரிய துக்கம் நிஜமாகவே இதயத்தசையைத் தளர்த்திவிடும். 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை விவரித்து டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு மாதிரியே காட்டும். ஆகவே வீட்டில் சாவு விழுந்த அன்று ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் “நடிக்கிறாள்” என்று சொல்லும் நாக்கை அடக்குங்கள். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் இறுக்கம் போகவில்லையா? அப்போது டீச்சரம்மாவிடம் வாருங்கள்.

சரி, அநாகதம். யோகத்தில் உடம்புக்குள் இருப்பதாகச் சொல்லும் ஆறு ஆதாரங்களில், அதாவது சக்கரங்களில், நான்காவது. இடம் நடு நெஞ்சு. பன்னிரண்டு இதழ்த் தாமரை, அதற்குள் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு முக்கோணம். பூதம் காற்று, எழுத்து ‘யம்’, வாகனம் மான். நம் சைவப் பெரியோர்கள் இந்த ஆறையும் ஊர்களில் வைத்துப் பார்த்தார்கள். மூலாதாரம் திருவாரூர், சுவாதிட்டானம் திருவானைக்கா, மணிபூரகம் அண்ணாமலை, அநாகதம் தில்லை, விசுத்தி நம் காளத்தி, ஆக்ஞை காசி. நெஞ்சைத் தில்லைக்குக் கொடுத்துவிட்டார்களே என்று நமக்கு வருத்தம் வேண்டாம். நெஞ்சின் பூதமாகிய காற்றுக்கு லிங்கம் இருப்பது காளத்தியில்தான். காற்றுப் புக வழியில்லாத கருவறையில் சுடர் ஆடுவதை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பச்சைக் கல் மோதிரம் போட்டால் நெஞ்சுச் சக்கரம் திறக்கும் என்று ஒருவர் சந்தைக்குச் சந்தை விற்றுக்கொண்டு போகிறார். 1577-ல் வங்காளத்துப் பூர்ணானந்தர் எழுதிய வடமொழி நூலைத்தான் இன்றைக்குச் சக்கரம் பேசுகிறவர்கள் பலரும் ஆதாரமாகச் சொல்கிறார்கள். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் 1919-ல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் நெஞ்சுத் தாமரை சிவப்பு! உச்சந்தலையையும் சேர்த்து ஏழு சக்கரம் என்று வைத்து வானவில்லைப் பங்கு போட்டது 20-ம் நூற்றாண்டில் மேல்நாட்டார். மோதிரத்துக்குக் கொடுக்கிற காசைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குக் கொடுங்கள்.

இப்போது எங்கள் தெரு மாமா கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டேன் என்று டீச்சரம்மா மிரட்டியிருக்கிறார். மாமாவின் அனுமதியும் இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லக்கூடாது என்றார். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார், திரும்பிப் பார்க்காதீர்கள்.

மாமாவுக்கு ஆறு தறி. ராவும் பகலும் ஓடும். அடுத்த வீடு அவர் தம்பி வீடு. நடுவில் பொதுச் சுவர். அந்தச் சுவரில் தம்பி ஒரு ஜன்னல் வைத்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோயிற்று. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வருஷக் கணக்காக முகம் பார்க்கவில்லை. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு மாமா போகவில்லை. மாமா வீட்டுக் காதுகுத்துக்குத் தம்பி வரவில்லை, மொய் மட்டும் ஆள் மூலம் வந்தது. அதையும் மாமா திருப்பி அனுப்பினார்.

ஒரு கோடை மழை ராத்திரி டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஊர் முழுக்க கரண்ட் போயிற்று. தெருவில் எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றது. மாமா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: “ஏண்டி, ஏதோ நின்னுபோச்சுடி!”

மாமி புரண்டு படுத்துச் சொன்னாள்: “நின்னது தறி. படுங்க.”

மாமா படுக்கவில்லை. நெஞ்சில் பாரம், மூச்சு இறங்கவில்லை. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தம், எல்லாம் சுத்தம். “ஏதாச்சும் மனக்கவலை உண்டா பெரியவரே?” என்று டாக்டர் கேட்டாராம். “ஆறு தறி ஓடுது, கவலைப்பட எனக்கு ஏது நேரம்?” என்றாராம் மாமா.

வீட்டுக்கு வந்தார். பாரம் குறையவில்லை. மறுநாள் யாருக்கும் சொல்லாமல், எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். எதுக்கு? கட்டுப் போட! நெஞ்சுக்கு! “விலா எலும்பு ஒண்ணு எடம் மாறியிருக்கு, கட்டுங்க” என்று சட்டையைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார். கட்டுக்காரர் ஒவ்வொரு எலும்பாக அமுக்கிப் பார்த்துவிட்டு, “எமுக்க பாகுந்தி நைனா. லோபல ஏதோ உந்தி” என்றார். எலும்பு நல்லாத்தான் இருக்கு, உள்ளே ஏதோ இருக்கு என்று.

“லோபலன்னா அதுக்கும் ஒரு கட்டுப் போடு!” என்றார் மாமா.

கட்டுக்காரர் சிரித்துவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பினார். அதற்கப்புறம்தான் மாமியின் நச்சரிப்பில் டீச்சரம்மாவிடம் வந்தார். டீச்சரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: விடிகாலையில் பயிற்சி, அந்த நேரம் தறி ஓடக்கூடாது. மாமா துடித்துப் போனார். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் போகும் என்று கணக்குப் போட்டார். மாமி சுவிட்சை அணைத்துவிட்டாள்.

உட்கார்ந்தார், மூச்சை விட்டார், ‘யம்’ என்று இழுத்தார். முதலில் கூச்சம், பிறகு கொட்டாவி. ஒரு விடிகாலை, எங்கிருந்து வந்ததோ, ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். செத்துப்போன அவர் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாராம். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி காதில் விழுந்தது. அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்த மனுஷர் வாசலைச் சுற்றிக்கூட வரவில்லை. சண்டைக்குக் காரணமான அதே ஜன்னலில் தலையை நீட்டினார்.

“அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாமாண்ணா?”

“போடா, நான் பயிற்சி பண்றேன்.”

அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் காப்பி. அப்புறம் எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதமே ஜன்னலுக்குக் கதவு எந்தப் பக்கம் திறப்பது என்று மறுபடி சண்டை. ஆனால் இப்போது பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.

கைதட்டல் போதும். நான் கேட்பது ஒன்றுதான். தறி ஓடிக்கொண்டிருந்தால் அந்த அழுகை தம்பிக்குக் கேட்டிருக்குமா? தாய்மார்களே, உங்கள் வீட்டில் ராத்திரி யாராவது அழுதால் உங்களுக்குக் கேட்கிறதா?

பயிற்சியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீச்சரம்மா கோபித்துக்கொள்வார். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் உட்காருங்கள். முதுகு நிமிரட்டும். வலது உள்ளங்கை நடு நெஞ்சில். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். விடும்போது ‘யம்’ என்று தொடங்கி உதட்டை மூடி ‘ம்’மை இழுங்கள். கைக்கடியில் அதிர்வு தெரியும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் வரும். ஐந்து நிமிஷம் போதும். ரத்தக் கொதிப்புக்காரர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இந்த ஆறு என்ற கணக்கு சும்மா வந்ததல்ல. 2001-ல் இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரை வைத்துப் பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கிறிஸ்தவர்களின் ஜெபமாலை சொன்னாலும், பௌத்தர்களின் மணி பத்மே மந்திரம் சொன்னாலும், மூச்சு தானாக நிமிஷத்துக்கு ஆறுக்கு வந்து நின்றது. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் தன்மை கூடியது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாலும் மாடு ஒன்றுதான், பாடிக் கறக்கணும்.

தார் சுற்றும் தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. நாள் முழுக்கக் குனிந்து தோள் முன்னால் வளைந்து மார்புத் தசை சுருங்கிக் கிடக்கும். பாதி இறுக்கம் அங்கேதான். பழைய புடவையைச் சுருட்டி முதுகுத்தண்டு நெடுக வைத்து மல்லாந்து படுங்கள், கையை இரண்டு பக்கமும் விரித்துப் போடுங்கள். புஜங்காசனம், ஒட்டக ஆசனம் எல்லாம் டீச்சரம்மா எதிரில் மட்டும்.

ஆனால் இதையெல்லாம் எங்கே செய்வது? எப்போது செய்வது? நம் முருகனையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரனோடு சண்டை முடிந்து கோபம் ஆற வந்து உட்கார்ந்தது திருத்தணி மலை. அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் நடக்கிற சூரசம்ஹாரம் அங்கே நடப்பதில்லை. 365 படி ஏறிப் போய் உட்கார்ந்தார். ஏன்? கீழே சத்தம்! 1960-ல் ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் எல்லைக் கோடு கிழித்தபோது அந்த மலை தமிழ்நாட்டுக்குப் போயிற்று. மலை போனாலும் அமைதியையாவது நாம் வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா போய் வரும் விசைத்தறிக் கொட்டகைக்குள் 90 டெசிபலுக்கு மேல் சத்தம். அடிகட்டை நாடாவை அடிக்கும் ஒவ்வொரு அடியும் சுவரைத் தாண்டி வருகிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு என்றால் பத்து மணி முதல் ஆறு மணி வரை. 2018-ல் உலக சுகாதார அமைப்பு ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலை இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னார்கள். ராத்திரி காது தூங்குவதில்லை. சத்தம் பழகிவிட்டது என்பது நம் நினைப்பு, உடம்பு பழகவில்லை. மாமாவைப் பார்த்தீர்களே, சத்தம் நின்றதும் பயந்தார்!

அண்ணன்மார்களே, கூலி மீட்டர் கணக்கு, ராத்திரி தறி நின்றால் ஓட்டுகிறவன் வயிறு காயும் என்று சொல்வீர்கள். நியாயம். நானும் தறிக்கார வீட்டுப் பிள்ளைதான். ஆகவே ஊருக்கு வெளியே கொட்டகை போட்டவர்களை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்குள், வீட்டோடு ஒட்டிய தறி மட்டும் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை நிற்கட்டும். சட்டம் ஆறு என்கிறது, நாங்கள் ஒரு மணி விட்டுக்கொடுத்திருக்கிறோம். அதோடு, ஊருக்கு வெளியே பொதுக் கொட்டகைக்கு நகராட்சி இடம் ஒதுக்க வேண்டும், அது வருகிற வரைக்கும் தறிக் காலடியில் ரப்பர் திண்டு வைக்க உதவ வேண்டும். பொன்னாடைக்குப் பதில் நான் கேட்பது இதுதான்.

எம்.ஆர்.ஓ. அம்மா, இதையே கேட்டு நாங்கள் எழுதிய மனுவின் நகல் ஏற்கெனவே உங்கள் ஆபீசில் இருக்கிறது. பதில் வரவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். பாட்டி சொன்ன பழமொழி இருக்கிறதே, ஆடிக் கறக்கிற மாடும் உண்டு. பாடிப் பார்த்தாயிற்று, தேவைப்பட்டால் நகராட்சி வாசலில் ஆடவும் தெரியும்.

உணவைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் இரண்டாவது தடவை மணி அடித்துவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். போன கூட்டத்தில் இரண்டு போயிற்று. கையெழுத்துப் போடாதவர்களுக்கும் சுண்டல் உண்டு. வணக்கம்.