ஆறின கஞ்சி பழங்கஞ்சி

(ஓய்வூதியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வரவேற்றுப் பேசிய செயலாளர் அவர்களே, பள்ளி மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, கருவூலத்தில் என்னோடு ஒரே மேசையில் குப்பை கொட்டிய அண்ணன் அவர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய தம்பி, தந்தையைப் பணியில் பறிகொடுத்து, அதன் பேரில் இளநிலை உதவியாளர் ஆனவர். அந்தக் கையால் வாங்கிய ஆடையைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

பணியில் இருக்கும்போதே இறந்த அரசு ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் கருணை அடிப்படை வேலை பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: நீதிமன்றம் சொன்னது, மகள்களின் பங்கு, காகிதங்களின் பாடு.

1989-ல் சுஷ்மா கோசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த வேலையை உடனே கொடுக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவது முறையல்ல, இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது கொடுங்கள் என்றது. 1994-ல் உமேஷ்குமார் நாக்பால் வழக்கில், இது வாரிசுச் சொத்து அல்ல, சம்பாதித்தவர் போன குடும்பம் திடீர் நெருக்கடியைத் தாண்டுவதற்கான உதவி, நெருக்கடி கடந்தபின் கேட்க முடியாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அலுவலகம் தாமதம் செய்கிறது. அந்தத் தாமதத்தையே காட்டி, 'இத்தனை நாள் சமாளித்துவிட்டீர்களே' என்று குடும்பத்தைத் திருப்பி அனுப்ப வழி பிறக்கிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று என் பாட்டி சொல்வார்.

நான் பணியில் இருந்தபோது எங்கள் இரவுக் காவலர் மாரடைப்பில் போய்விட்டார். ஐப்பசி அடைமழை. மனைவி எட்டாம் வகுப்பு படித்தவர், இரண்டு ஆண் பிள்ளைகள். காரியம் முடிந்த கையோடு வந்து, "ஐயா, எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, பால் கணக்கு, மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை. இறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை. அதையும் அலைந்து வாங்கினார். அதில் கணவர் பெயரின் கடைசி எழுத்து 'ன்', பணிப்பதிவேட்டில் 'ம்'. ஓர் எழுத்துக்காக வாரிசுச் சான்றிதழ் மனு திரும்பியது!

பிறகு மாமியாரின் சம்மதக் கடிதம். பெற்ற தாயும் வாரிசல்லவா? அந்த அம்மாளோ மகள் வீட்டில், மருமகளோடு பேச்சு இல்லை. நானும் கூடப் போனேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார், கைநாட்டு கொடுக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது சின்னப் பேரன் நேரே போய்ப் பாட்டி மடியில் உட்கார்ந்தான். அப்பன் சாயல் அப்படியே. அந்த அம்மாள் அழுதுகொண்டே பெருவிரலை நீட்டினார். மை தொட்ட விரலை அவன் சட்டையிலேயே துடைத்தார். அந்த நீலக் கறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகும் கோப்பு மேலே போவதும் கேள்வியோடு கீழே வருவதுமாக இருந்தது. அலுவலக உதவியாளர் ஆணை கைக்கு வர ஐந்து ஆண்டுகள். அதற்குள் தாலிக்கொடி அடகுக் கடையில் மூழ்கிவிட்டது. மூத்தவன் பள்ளியை விட்டு லாரி பட்டறையில் சேர்ந்துவிட்டான். ஆணையைப் பிரித்துப் பார்த்தவர் சிரிக்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி, வேறென்ன சொல்ல?

அதனால்தான் ஊர் ஊராகப் போய் ஒன்றையே கேட்கிறேன். தமிழ்நாட்டில் மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று குடும்பத்துக்குக் கெடு வைத்திருக்கிறோம். அலுவலகத்துக்கும் ஒரு கெடு வேண்டாமா? பதினாறாம் நாளுக்குள் ஓர் எழுத்தர் படிவங்களோடு அந்த வீட்டுக்குப் போகட்டும். பணிப்பதிவேடு நம் பீரோவில்தானே இருக்கிறது? பெயர்ப் பிழையை நாமே திருத்தலாம், வட்டாட்சியருக்கு நாமே எழுதலாம். மாலை வாங்க அலுவலகத்தில் வசூல் செய்கிறோமே, மாலையோடு படிவத்தையும் கொண்டுபோவதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மகள்களைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. கர்நாடகம் 2021-ல் விதியைத் திருத்தித் திருமணமான மகளையும் சேர்த்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் மேசைமேல் கோரிக்கை மனு இருக்கிறது. கையெழுத்திடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும், விரல் துடைக்கத் துணியும் வைத்திருக்கிறேன்.