கென்னடி மறைச்ச நோய்: அட்ரீனல் சுரப்பி நின்னு போனா உடம்புல என்ன நடக்கும்?

[திரையில்: 1960 டிவி விவாதம், கருப்பு வெள்ளைப் படம்]

1960, அமெரிக்க அதிபர் தேர்தல். டிவி விவாதத்துல நிக்சன் வெளிறிப்போய் நிக்கிறார். கென்னடி நல்ல ஆரோக்கியமா, வெயில்ல திரிஞ்ச நிறத்தோட தெரியறார். ஆனா மருந்தை நிறுத்தினா உயிருக்கே ஆபத்துங்கற நிலைமையில இருந்தவர் கென்னடிதான்! நோய் பேரு அடிசன். அவருக்கு அது இருக்குன்னு 1947லயே லண்டன்ல கண்டுபிடிச்சாச்சு. தேர்தல் நேரத்துல அவர் தரப்பு அதை மறுத்துச்சு.

வணக்கம் மக்களே. அந்த நோய் தாக்குற இடம் அட்ரீனல் சுரப்பி.

[திரையில்: சிறுநீரகப் படம்]

ரெண்டு கிட்னி மேலயும் தொப்பி வச்ச மாதிரி ஒண்ணொண்ணு உக்காந்திருக்கு. ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 5 கிராம்தான். நடுவுல இருக்கற பகுதி அட்ரினலின் சுரக்கும். தெருநாய் துரத்தும்போது நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அதோட வேலைதான். பேரும் புகழும் இதுக்குத்தான். ஆனா இந்த நடுப்பகுதி இல்லாமலும் மனுஷன் வாழ்ந்துடலாம். வெளிப்பகுதி, அதாவது புறணி போச்சுன்னா, மருந்து இல்லாம வாழ முடியாது.

புறணியில சுரக்கற ஆல்டோஸ்டீரோன் உப்பு சிறுநீர்ல வீணாப் போகாம பிடிச்சு வைக்குது. அது குறைஞ்சா எழுந்து நின்னாலே தலை சுத்தும், உப்பை அள்ளித் திங்கணும் போல இருக்கும். அதே புறணியில சுரக்கற இன்னொரு ஹார்மோன் கார்ட்டிசால், ரத்தத்துல சர்க்கரையையும் அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்குது. காய்ச்சல், ஆபரேஷன்னு உடம்புக்குச் சோதனை வந்தா கூடுதலா சுரக்கும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன்.

[திரையில்: உள்ளங்கை, நெருக்கமா]

அடிசன் நோய் வந்தா தோல் கறுக்கும். ஏன்? கார்ட்டிசால் குறைஞ்சதும் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி, 'சுர, சுர'ன்னு ஏசிடிஎச் ஹார்மோனை அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்த ஏசிடிஎச் அளவுக்கு மீறிப் போனா, தோலுக்கு நிறம் தர்ற செல்களையும் தூண்டி விட்டுடும். கிட்னி மேல நடக்கற சேதத்தைத் தோல் காட்டிக் கொடுக்குது, என்ன ஒரு அதிசயம் பாருங்க! லண்டன் கைஸ் மருத்துவமனை டாக்டர் தாமஸ் அடிசன் 1855லயே இந்த நிறமாற்றத்தை எழுதி வச்சார். ஸ்கேன் இல்லாத காலம், கண்ணால பார்த்தே பிடிச்சார்.

நம்ம மாநிறத்துல இதைக் கண்டுபிடிக்கறது கஷ்டம். உள்ளங்கை ரேகை, விரல் மூட்டு, ஈறு, பழைய தழும்பு, இங்கதான் பார்க்கணும். நம்மள்ல பல பேருக்கு இயல்பாவே ஈறும் ரேகையும் கறுப்பாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. புதுசா கறுத்து, கூடவே எடை குறைஞ்சு, ஓயாத அசதியும் இருந்தா டாக்டரைப் பாருங்க. இந்த நோய்க்குக் காசநோயும் ஒரு காரணம். நம்ம நாட்டுல அதை மறக்கவே கூடாது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பரவலானது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரட்னிசோலோன் மாதிரி, கார்ட்டிசால் வேலையைச் செய்யற ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கா சாப்பிட்டா, வெளியிலேர்ந்தே வருதேன்னு நம்ம சுரப்பி வேலையைக் குறைச்சுக்கும். 'உடம்பு தேவலை'ன்னு திடீர்னு நிறுத்தினா வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரியறதுன்னு உயிருக்கே ஆபத்தாகலாம். இங்க ஏசிடிஎச்சும் அடங்கிக் கிடக்கும், அதனால தோல் கறுத்து எச்சரிக்காது. டாக்டர் சொல்ற கணக்குப்படி படிப்படியாத்தான் குறைக்கணும். ஆபரேஷன்னா, ஸ்டீராய்டு சாப்பிடறதை முதல்லயே சொல்லிடுங்க.

வீட்டுல அப்படி மாத்திரை சாப்பிடறவங்க இருந்தா, இந்த வீடியோவை அவங்களுக்கு இன்னிக்கே அனுப்புங்க.