கல்லீரல் கட்டியை நோக்கிச் செல்லும் ஊசி: ரோபோ எதில் உதவுகிறது?

[திரையில்: தொழிற்சாலை இயந்திரக் கை ஒன்றின் கோட்டோவியம், அருகே சி.டி. ஸ்கேன் கருவி]

வணக்கம். ரோபோ அறுவை சிகிச்சை என்றவுடன், பல கைகள் கொண்ட இயந்திரம் ஒன்று வயிற்றுக்குள் கத்தரியும் இடுக்கியுமாக வேலை செய்வதும், மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து அதை இயக்குவதும்தான் பெரும்பாலோரின் நினைவுக்கு வரும். ஆனால் அறுவை அரங்கில் ரோபோ முதலில் கற்றுக்கொண்ட வேலை குறி பார்ப்பது. 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாங் பீச் நகரில், பூமா 200 என்ற தொழிற்சாலை இயந்திரக் கை, சி.டி. படத்தில் குறித்த இடத்தை நோக்கி ஒரு வழிகாட்டிக் குழாயைத் திருப்பி அசையாமல் பிடித்துக்கொண்டது. அதன் வழியே மருத்துவர் ஊசியைச் செலுத்தி மூளையிலிருந்து திசு மாதிரியை எடுத்தார். கல்லீரல் கட்டிகளை ஊசி வழியே அழிக்கும் சிகிச்சையில் இன்றைய ரோபோக்கள் செய்யும் வேலையும் பெரும்பாலும் இதுவே.

[திரையில்: கல்லீரலின் குறுக்குவெட்டுப் படம், அதில் சிறிய வட்டமாக ஒரு கட்டி]

முதலில் சிகிச்சையைப் பார்ப்போம். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களாலும், மதுவாலும், கொழுப்பு படிவதாலும் பல்லாண்டுகள் பழுதடைந்த கல்லீரலில் அங்கேயே தோன்றும் புற்றுநோய் ஒரு வகை. பெருங்குடல் போன்ற வேறோர் உறுப்பில் தொடங்கி, இரத்தத்தின் வழியே வந்து கல்லீரலில் குடியேறும் கட்டி மற்றொரு வகை. இரண்டிலும், கட்டி சுமார் 3 செ.மீ.க்குள் இருந்தால், வயிற்றைத் திறக்காமல் தோலின் வழியே ஊசியைச் செலுத்தி அதன் நுனியில் வெப்பத்தை உண்டாக்கிக் கட்டியை அழிக்க முடியும். இதற்கு அப்லேஷன் என்று பெயர். ரேடியோ அலைவரிசை முறையில், வினாடிக்குச் சுமார் 5 லட்சம் முறை முன்னும் பின்னுமாக அலையும் மின்னோட்டம் திசுவின் அயனிகளை உராயச் செய்து சூடாக்குகிறது. மைக்ரோவேவ் முறையில், வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு பயன்படுத்தும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகளோ 915 மெகாஹெர்ட்ஸ் அலைகளோ நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குகின்றன. வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உயிரணுவின் புரதங்கள் உறைந்து, அது ஏறத்தாழ உடனே இறந்துவிடுகிறது.

கட்டியை மட்டும் அழித்தால் போதாது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கட்டியின் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் நோயணுக்கள் பரவியிருக்கக்கூடும் என்பதால், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. நல்ல திசுவும் சேர்ந்து அழிய வேண்டும். இந்தப் பாதுகாப்பு வளையத்தைத்தான் விளிம்பு என்கிறோம். குடலிலிருந்து பரவிய கட்டியானால் 10 மி.மீ. கிடைப்பது நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 செ.மீ. விட்டமுள்ள கட்டிக்கு 5 மி.மீ. விளிம்பு வேண்டுமென்றால் அழியும் உருண்டையின் விட்டம் 3 செ.மீ.; கன அளவோ மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகிவிடுகிறது. அந்த 3 செ.மீ. உருண்டையின் மையம் 5 மி.மீ. விலகினால் ஒரு பக்கத்தில் விளிம்பே மிஞ்சாது. நோய் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் திரும்ப வருகிறது.

[திரையில்: தோலிலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் ஒரு புள்ளி; 3 டிகிரி விலகிய கோடு அதைத் தவறவிடுகிறது]

தோலிலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் உள்ள இலக்கை நோக்கிச் செல்லும் ஊசி, நுழையும்போது 3 டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால், நுனி 5 மி.மீ.க்குச் சற்று மேலாகவே விலகிப் போய்ச் சேரும். வெறுங்கையால் 3 டிகிரியைக் கண்டுகொள்வது எளிதன்று. அனுபவம் மிக்க மருத்துவர்கள் கொஞ்சம் செலுத்தி, ஸ்கேன் எடுத்து, திருத்தி, மீண்டும் செலுத்தி இலக்கை அடைகிறார்கள். ஒவ்வொரு திருத்தமும் ஈரலில் கூடுதலாக ஒரு குத்து, கூடுதலாக ஒரு ஸ்கேன்.

கட்டியின் இருப்பிடம் இதை இன்னும் கடினமாக்குகிறது. சி.டி. கருவி உடலைக் குறுக்குத் தளங்களாகப் படமெடுப்பதால், ஊசி அந்தத் தளத்திலேயே சென்றால் முழு நீளத்தையும் ஒரே படத்தில் காணலாம். ஆனால் கல்லீரலின் உச்சியில், உதரவிதானத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டிக்கு நேர்த்தளத்தில் போனால் ஊசி நுரையீரலைத் துளைக்க நேரிடும். ஆகவே கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் நுழைந்து, மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் சாய்ந்து செல்ல வேண்டும். பித்தப்பை, பெருங்குடல், பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியவற்றையும் விலக்க வேண்டும். போதாததற்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் கல்லீரல் 1 முதல் 2 செ.மீ. வரை மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரிகிற, எளிதில் எட்டக்கூடிய கட்டிக்கு ரோபோ தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நல்ல கைப்பழக்கம் உள்ள மருத்துவர் அதை விரைவாகவும் குறைந்த செலவிலும் முடித்துவிடுவார். சாய்கோணப் பாதை வேண்டியவை, அல்ட்ராசவுண்டில் தெரியாதவை, ஒரே கட்டிக்குப் பல ஊசிகள் வேண்டியவை ஆகியவற்றில்தான் ரோபோவின் பயன் வெளிப்படுகிறது.

[திரையில்: மயக்க நிலையில் நோயாளி, மேசையருகே இயந்திரக் கை, திரையில் முப்பரிமாணக் கல்லீரல்]

அத்தகைய சிகிச்சை எப்படி நடக்கிறது? நோயாளிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கப்படுகிறது. மயக்க மருத்துவர் சுவாசக் கருவியைச் சில நொடிகள் நிறுத்தி, நுரையீரல் ஒரே அளவில் இருக்கும்போது, கட்டியையும் இரத்தக் குழாய்களையும் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்துடன் ஸ்கேன் எடுக்கச் செய்கிறார். அந்தப் படங்களிலிருந்து மென்பொருள் கல்லீரலையும் கட்டியையும் முப்பரிமாணத்தில் வரைகிறது; எந்த ஊசி, எவ்வளவு ஆற்றல், எத்தனை நிமிடம் என்று மருத்துவர் தேர்ந்தெடுத்ததும், அழியப்போகும் பகுதி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைக் கட்டியின் மேல் போர்த்திக் காட்டுகிறது. தோலில் நுழையும் இடத்தையும் இலக்கையும் மருத்துவர் உறுதிசெய்த பின்னரே இயந்திரக் கை நகர்ந்து, அந்தக் கோட்டில் ஊசி வழிகாட்டியை நிறுத்துகிறது. மூச்சு மறுபடியும் அதே நிலையில் நிறுத்தப்படும்போது மருத்துவர் தம் கையால் ஊசியைச் செலுத்துகிறார். எங்கே குத்துவது என்ற முடிவும், குத்தும் செயலும் மனிதருடையவை. இடையில் உள்ள கோணம் மட்டும் இயந்திரத்துடையது.

இப்படிப்பட்ட கருவிகளில் முன்னோடிகளுள் ஒன்று சென்னையில் உருவானது. பெர்ஃபின்ட் ஹெல்த்கேர் நிறுவனத்தின் ரோபியோ, மேக்சியோ ஆகியவை சி.டி. மேசையருகே நின்று ஊசியின் பாதையைக் காட்டும் கருவிகள். கோலாலம்பூரில் உள்ள மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் கல்லீரல் கட்டிகளில் அவற்றைப் பயன்படுத்திய அனுபவத்தை 2014இல் ஐரோப்பியக் கதிரியல் இதழில் வெளியிட்டார்கள். பிரான்சின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த குவாண்டம் சர்ஜிக்கல் நிறுவனத்தின் எபியோன், பாரிஸ் அருகேயுள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தில் முதன்முதலாக நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2021இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. நோயாளியின் உடல்மேல் வைத்த குறியீடுகளை அதன் கேமரா கவனித்து, மூச்சு அதே நிலைக்குத் திரும்பிவிட்டதா என்று காட்டுகிறது. இஸ்ரேலின் எக்ஸாக்ட் ரோபோடிக்ஸ் ஒரு படி மேலே சென்று, நோயாளியின் உடல்மீதே பொருத்தப்படும் சிறிய கருவியால் ஊசியைத் தானாகவே செலுத்தி, போகும் வழியில் திசை திருப்பவும் செய்தது.

[திரையில்: இரண்டு வரைபடங்கள், தலைப்பு: ‘ரோபோ இல்லாமலே கிடைத்த முடிவுகள்’]

விளம்பரங்களைப் படிக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊசி வழிச் சிகிச்சையின் மதிப்பை உயர்த்திய பெரிய ஆய்வுகள் ரோபோவுக்கானவை அல்ல. குடலிலிருந்து பரவிய 3 செ.மீ.க்கு மிகாத கட்டிகளில் அறுவை சிகிச்சையையும் அப்லேஷனையும் ஒப்பிட்ட கொலிஷன் ஆய்வு, நெதர்லாந்தை மையமாகக் கொண்டு சுமார் 300 நோயாளிகளிடம் நடந்து, இடைக்கால முடிவுகளே போதுமான அளவு தெளிவாக இருந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது: அப்லேஷன் அறுவை சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை, பக்கவிளைவுகளோ குறைவு. ஸ்டாக்ஹோம், பெர்ன், குரோனிங்கன் நகரங்களில் நடந்த மேவரிக் ஆய்வில், மூன்றாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் ஊசி வழியில் 78 சதவீதம், அறுவை சிகிச்சையில் 76 சதவீதம். அங்கே உதவியது கணினி வழிகாட்டல். இயந்திரக் கை இல்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலும், முப்பரிமாணத் திட்டமும் கையால் திருகி நிறுத்தும் குறிபார்ப்புக் கருவியும் கொண்டே பல ஊசிகளைச் செலுத்திப் பெரிய கட்டிகளையும் அழித்துவருகிறார்கள்.

ஆக, முதன்மையானது திட்டமிடலும் சரிபார்ப்புமே என்பது என் கருத்து. ரோபோ அந்தத் திட்டத்தைக் கைத்திறன் வேறுபாடின்றி நிறைவேற்றும் ஒரு வழி. இதுவரையிலான ரோபோ ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஊசி நுனி எவ்வளவு விலகியது, எத்தனை முறை திருத்த வேண்டியிருந்தது, மருத்துவருக்குக் கதிர்வீச்சு எவ்வளவு குறைந்தது என்பனவற்றையே அவை அளந்தன. இவற்றின் பயன் உண்மையானது. ஆனால் நோயாளி கூடுதல் காலம் வாழ்கிறார் என்ற முடிவுக்கு இவற்றை வைத்துத் தாவ முடியாது.

ரோபோவால் தீர்க்க முடியாதவையும் உண்டு. இறுகிய ஈரலில் மெல்லிய ஊசி வளையும். ஊசி அழுத்தும்போது கல்லீரலே சற்று நகரும். கட்டியை ஒட்டி 3 மி.மீ.க்கு மேற்பட்ட இரத்தக் குழாய் ஓடினால், பாயும் இரத்தம் வெப்பத்தை அடித்துச் சென்றுவிடுவதால் அந்தப் பக்கத்துத் திசு போதிய சூட்டை எட்டாமல் போகலாம். மைக்ரோவேவில் இந்தத் தொல்லை குறைவு, முற்றிலும் இல்லாமலில்லை. மென்பொருள் காட்டும் உருண்டைக்கும் உயிருள்ள கல்லீரலில் உண்மையில் அழியும் பகுதிக்கும் வேறுபாடு இருக்கும்.

இதனால்தான், ஊசியை எடுத்ததும் மயக்கம் தெளியும் முன்னரே மீண்டும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுத்து, முந்தைய படத்தின்மேல் அதைப் பொருத்தி, விளிம்பு எந்தப் பக்கத்தில் எத்தனை மி.மீ. கிடைத்தது என்று அளக்கிறார்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் நோயாளி மேசையில் இருக்கும்போதே இன்னோர் ஊசியைச் செலுத்தலாம். இந்தச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் ரோபோ இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், ‘விளிம்பை எப்படி அளப்பீர்கள், எப்போது அளப்பீர்கள்?’ என்று கேட்கலாம். அதன் பிறகும் முதல் சில ஆண்டுகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரும். சிர்ரோசிஸ், அதாவது தழும்பேறி இறுகிய நிலை, உள்ள கல்லீரலில், அழிக்கப்பட்ட இடம் சுத்தமாக இருந்தாலும், வேறோர் மூலையில் புதிய கட்டி தோன்றக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.